கடைசி வரிசையில் ஒரு கோளாறு

செவல்குளம் பாலிடெக்னிக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளே கிடையாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் யாரும் இசைக்குழுவில் சேரவில்லை, அவ்வளவுதான்.

சேர்ந்தவர்கள் நால்வர். டிரம்ஸ் சோலையப்பன். கிடார் மாசானம். கீபோர்டு காஜா மைதீன். பாடியவள் பெர்னதெத், கடற்கரை ஊர்க்காரி. அலைச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்து வளர்ந்தவளாதலால் மைக் என்பது எதற்கு என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. குழுவுக்கு ‘இடியோசை’ என்று பெயர். பெயர் வைப்பதற்கு ஒரு வருஷம் பிடித்தது. பாட்டுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஒரே பாட்டுதான். மழையைப் பற்றி மாசானமே எழுதி மெட்டுப் போட்டது.

நாலு பேரில் தான் ஒருவன்தான் விவரமானவன் என்பது சோலையப்பனின் எண்ணம். மற்ற மூவருக்கும் அவரவரைப் பற்றி அதே எண்ணம் இருந்தது. அதனால் குழுவில் மனஸ்தாபமே வந்ததில்லை.

அந்த வருஷம் ஆண்டு விழாவில் இடியோசை முதன்முதலாக மேடை ஏறியது. நால்வரும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் காஜாவின் வாப்பா மினிபஸ் ஓட்டுகிறவர். முன்னால் போகிற வண்டியை முந்தாமல் அவர் வீடு திரும்பிய நாள் கிடையாது. அது மகன் விரலிலும் இறங்கியிருந்தது. மற்றவர்கள் இரண்டாவது சரணத்தில் இருக்கும்போதே காஜா பாட்டை முடித்து, கீபோர்டுக்கு உறை மாட்டி, சபைக்கு ஒரு சலாமும் வைத்துவிட்டான். பிறகு பெர்னதெத் முடித்தாள். அதற்கும் பிறகு மாசானம். மூவரும் கீழே இறங்கி டீ குடிக்கும்போது சோலையப்பன் மட்டும் மேடையில் கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்தான். அவன் எதையும் நிதானமாகச் செய்கிற பையன். முடித்துத் தலை நிமிர்ந்தபோது அரங்கத்தைப் பெருக்குகிற அம்மாள் மட்டும் துடைப்பத்தோடு நின்றாள்.

“முடிஞ்சுதா தம்பி?” என்றாள்.

அதையும் அவன் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

மறுநாள் முதல்வர் நல்லபெருமாள் நால்வரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“என்னய்யா பாட்டு அது? ஒருத்தன் ஊரு போய்ச் சேர்ந்துட்டான், ஒருத்தன் இன்னும் பஸ்ஸே ஏறலை! பாடுற பிள்ளை தரையையே பாக்குது, காசைத் தொலைச்சது மாதிரி. கடைசி வரிசையில ஒண்ணுமே கேக்கலைங்காங்க. அடுத்த மாசம் கல்வித்துறை இணை இயக்குநர் அம்மா புதுப் பட்டறையைத் திறக்க வர்றாங்க. பிள்ளைங்க பாட்டு ஒண்ணு வேணும்னு அவங்களே கேட்டிருக்காங்க. என் நேரம், உங்களை விட்டா ஆளு இல்லை. உட்கார்ந்து யோசிங்க. என்ன தப்பு, எப்படித் திருத்தணும்னு பாருங்க. இந்தத் தடவையும் மானம் போச்சுன்னா, நீங்க பயிற்சி பண்ற அந்த ரூமைப் பிடுங்கி உடைஞ்ச பெஞ்செல்லாம் உள்ள போட்டுப் பூட்டிருவேன்.”

சோலையப்பன் பயந்துபோனான். அறைக்காகத்தான். அவன் வீட்டில் டிரம்ஸ் அடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் பெயர்ந்த காரையைத் தட்டில் எடுத்துவந்து காட்டினார். விடுதியில் வார்டன் துரத்தினார். கடைசியில் ஊருக்கு வெளியே கல் குவாரிக்குப் போனான். அங்கேயும், “தம்பி, நாங்க வைக்கிற வெடி எது, உன் வெடி எதுன்னு தெரியாம ஆளுங்க ஓடுறாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். உலகத்தில் அவன் அடிப்பதற்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு அறைதான். முதல்வர் அறைக்கு நேர் எதிரே, வராந்தாவின் அந்தப் பக்கம்.

ஆகவே யோசிக்கப் போனார்கள். போனதும் முதல் சிக்கல் வந்தது. முதல்வர் உட்கார்ந்து யோசிக்கச் சொல்லியிருந்தார். அறையில் இருந்தது டிரம்ஸ் அடிக்கிற ஒரே ஒரு ஸ்டூல்.

“எனக்கு ஒண்ணு தோணுது” என்றான் மாசானம், சுவரில் சாய்ந்தபடி.

“நின்னுக்கிட்டுத் தோணினது செல்லாது” என்றான் சோலையப்பன். “உட்கார்ந்து யோசிங்கன்னு சொல்லியிருக்காரு. நாளைக்கு ‘யாரு நின்னது’ன்னு கேட்டா என்ன சொல்லுவே?”

மாசானம் ஸ்டூலில் உட்கார்ந்தான். தோன்றியது மறந்துவிட்டது. எழுந்தான். நினைவு வந்தது. உட்கார்ந்தான், மறந்தது.

“தரையில உட்காரலாம்லா?” என்றாள் பெர்னதெத்.

இதை அவள் நின்றுகொண்டு சொன்னதால் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று முழுக்க ஸ்டூலை மாற்றி மாற்றி யோசித்தார்கள். காஜா தன் கைப்பேசியில் ஆண்டு விழா வீடியோவைப் போட்டான். படம் பிடித்தது அவன் மச்சான். மச்சானுக்கு முன்னால் உயரமான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஆகவே பாட்டு முழுவதும் அந்த மனிதரின் பின்னந்தலைதான் படத்தில் இருந்தது.

நால்வரும் அந்தத் தலையை உன்னிப்பாகப் பார்த்தார்கள்.

“பாத்தியா, ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பலை” என்றான் காஜா. “கண்ணை எடுக்காம நம்மையே பாத்திருக்காரு.”

“தலை ஆடவே இல்லையே?”

“சொக்கிப்போனவனுக்குத் தலை எப்படிலே ஆடும்?”

தலை மெல்லச் சாய்ந்து பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் விழுந்தபோது மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சரணத்தில் விழுந்திருக்கிறது. அவன் எழுதிய சரணம்.

ஆக, தப்பு ரசனையில் இல்லை என்று ஆயிற்று. முதல்வர் சொன்ன மூன்றைத் திருத்தினால் போதும்.

முதலாவது, எல்லாரும் ஒன்றாக முடிக்கவில்லை. சோலையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கினான்.

“நாலு பேரும் ஒரே ஊருக்குப் போறோம்னு வை. ஒருத்தன் நடை, ஒருத்தன் சைக்கிள், ஒருத்தன் பஸ், ஒருத்தன் ரயில். ஒண்ணாப் போய் இறங்கணும்னா என்ன செய்யணும்?”

“எல்லாரும் ரயில்ல போகணும்” என்றான் மாசானம்.

“நடக்குறவன் முதல்ல கிளம்பணும்லே!”

இத்தனை நாள் ஒன்றாக ஆரம்பித்ததுதான் தவறு என்று எல்லாருக்கும் பளிச்சென்று விளங்கியது. மறுநாள் முதல் அப்படியே பயிற்சி. முதலில் சோலையப்பன் தனியாக அடிக்க ஆரம்பிப்பான். அவன் ஒரு சரணத்தைத் தாண்டியதும் மாசானம் கிளம்புவான். அதற்கப்புறம் பெர்னதெத். காஜா செருப்பைப் போட்டுக்கொண்டு கதவோரம் காத்திருந்து கடைசியில் வந்து சேருவான். இரண்டே வாரத்தில் நாலு பேரும் ஒரே அடியில் முடித்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் காத்திருந்து காத்திருந்து காஜாவின் விரல் துடித்தது. வேகம் இன்னும் ஏறியது. மறுபடியும் முந்திவிட்டான். அவனை இன்னும் தாமதமாக விட்டார்கள். அவன் இன்னும் வேகமானான்.

“இப்படியே போனா ஒருநாள் நாம முடிச்ச பிறகுதான் இவன் ஆரம்பிக்கணும்” என்றான் மாசானம் கவலையாக.

“அப்பவும் ஒண்ணா முடிப்போமா?” என்று கேட்டான் காஜா.

“முடிப்போம்” என்றான் சோலையப்பன். “பயிற்சின்னா பின்ன எதுக்கு?”

இரண்டாவது, பெர்னதெத் தரையைப் பார்த்தது.

“கூட்டத்தைப் பாத்தா உதறலா இருக்குலே” என்றாள் அவள்.

“முன்னால யாருமே இல்லைன்னு நினைச்சுக்கோ” என்றான் சோலையப்பன். மேடைக்காரர்கள் எல்லாரும் சொல்கிற யோசனைதான்.

பெர்னதெத் கண்ணை மூடினாள். ஆழமாக மூச்சு விட்டாள். கண்ணைத் திறந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

“எங்க போறே?”

“யாருமே இல்லையே. வெறும் ரூமுல யாருக்குப் பாட? ஆள் வந்தா கூப்பிடுங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ரொம்ப நேரம் வாதம் நடந்தது.

“சரி, ஒரே ஒரு ஆள் இருக்காருன்னு நினைச்சுக்கோ.”

“முன்பின் தெரியாத ஆம்பளை முன்னால தனியா நின்னு பாடுறதா? எங்கம்மா கொன்னே போடுவா.”

“பொம்பளைன்னு வை.”

“எந்த ஊரு?”

இப்படியாக ராஜகனி பிறந்தாள். ஊர் உடன்குடி, இரண்டு பிள்ளைகள், பாட்டு என்றால் உயிர். பெர்னதெத் அவளை நேருக்கு நேர் பார்த்து அருமையாகப் பாடினாள். நாலைந்து நாள் கழித்து ஒரு பயிற்சியில் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன ஆச்சு?”

“ராஜகனிக்குப் பாட்டு பிடிக்கலை போல. மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா.”

மாசானம் பதறிப்போய், காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, “அக்கா, ரெண்டாவது சரணம் வரைக்கும் பொறுத்துக்கோங்க, அங்கதான் பாட்டே இருக்கு” என்று கெஞ்சினான். ராஜகனி எழுந்து போகாமல் இருந்தாள். பெர்னதெத் சொன்னாள், பாதி சிரித்துவிட்டாளாம்.

மூன்றாவதுதான் பெரியது. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அரங்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன்னால் விருந்தினருக்கு ஒரு சோபா. பயிற்சிக்கு அரங்கத்தை விட்டிருந்தார்கள். யாராவது கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். மாசானம் கிடாரை இறக்கி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். மூவரும் வாசித்தார்கள்.

“எப்படிலே?”

“டிரம்ஸ் கேக்குது. பாட்டு கேக்குது. கீபோர்டு கேக்குது. கிடார்தான் ஒரு பொட்டுகூடக் கேக்கலை.”

காஜா ஓடிப்போய் கிடார் ஒலிபெருக்கியின் குமிழைக் கடைசிவரை திருகினான். “இப்போ?”

“இப்பவும் இல்லை.”

மாசானத்துக்குக் காது மந்தம் என்று முடிவாயிற்று. அவன் மேடையேறிக் கிடாரை மாட்டிக்கொள்ள, காஜா போய் உட்கார்ந்தான்.

“கிடார் காதைக் கிழிக்குதே! இவனுக்குக் காதுதான் கோளாறு” என்று அங்கிருந்து கத்தினான். பிறகு முகம் மாறியது. “ஆனா... கீபோர்டு எங்கலே? கீபோர்டைக் காணோம்!”

பெர்னதெத் போனாள். “வாத்தியம் மூணும் சுத்தமா இருக்கு. பாடுற சத்தம் மட்டும் வரலை. மைக்கு செத்துப்போச்சா?”

கடைசியாக சோலையப்பன் தானே நடந்துபோய் உட்கார்ந்தான். கிடார் வந்தது. கீபோர்டு வந்தது. பெர்னதெத் குரல் வந்து நெஞ்சில் மோதியது. டிரம்ஸ் மட்டும் இல்லை. குவாரி வெடியையே குழப்பிய டிரம்ஸ்! முதல்வர் சொன்னது அத்தனையும் உண்மை.

“ஒருத்தனுக்குக் கேக்கலைன்னா காதுல கோளாறு” என்றான் மெல்ல. “நாலு பேருக்கும் நாலு விதமாக் கேக்கலைன்னா கோளாறு எங்க இருக்கு?”

நால்வரும் நாற்காலிகளைப் பார்த்தார்கள்.

“தூக்குலே இந்த வரிசையை!”

கடைசி வரிசையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தங்கள் அறையில் அடுக்கினார்கள். நிம்மதியாகத் திரும்பி வந்தால், அரங்கத்தில் இன்னொரு கடைசி வரிசை இருந்தது.

“இதுவும் அப்படியா இருக்கும்?”

மாசானம் பயந்து பயந்து உட்கார்ந்தான். வாசித்தார்கள். அவன் உதட்டைப் பிதுக்கினான். “கிடார் இல்லை.”

“தொத்திட்டு!” என்றாள் பெர்னதெத். “சீக்கிரம், அடுத்த வரிசைக்குப் பரவுறதுக்குள்ள!”

தூக்கினார்கள். அதற்குள் பரவிவிட்டது. அதையும் தூக்கினார்கள். குடிசையில் தீப்பிடித்தால் அடுத்த கூரையைப் பிரிப்பார்களே, அந்த மாதிரி ஓடி ஓடித் தூக்கினார்கள். கோளாறு அவர்களைவிட ஒரு வரிசை முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பொழுது சாயும்போது சோபா மட்டும் மிச்சம்.

“இது விருந்தாளி சோபா. இதுக்கெல்லாம் வராது” என்றான் காஜா.

சோலையப்பன் உட்கார்ந்தான். மேடைக்கு நாலு எட்டு தூரம்தான். அங்கிருந்தும் டிரம்ஸ் கேட்கவில்லை.

“இதுக்கும் வந்துட்டு” என்றான். சோபாவும் போயிற்று.

அறை கூரை வரைக்கும் நிரம்பியிருந்தது. கதவு உள்பக்கமாகத் திறக்கிற வகை. சோபாவை நெட்டித் தள்ளி, கதவை இழுத்துச் சாத்தியபோது, உள்ளே மலை சரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கியது. வாத்தியங்கள் மேடையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

திரும்பி வந்து வெறும் அரங்கத்தைப் பார்த்தார்கள். துடைத்துவிட்டாற்போல இருந்தது.

“இப்போ கடைசி வரிசையே இல்லை” என்றான் சோலையப்பன். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனுக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் காலை. பட்டறையைத் திறந்து முடித்து இணை இயக்குநர் அம்மாவும் முதல்வரும் அரங்கத்துக்குள் வந்தபோது கல்லூரியே நின்றுகொண்டிருந்தது. தன்னைப் பார்த்துத்தான் எழுந்து நிற்கிறார்கள் என்று அம்மா நினைத்து, “உட்காருங்க, உட்காருங்க” என்று கையைக் காட்டினார். யாரும் உட்காரவில்லை. அம்மாவுக்கு மனசு குளிர்ந்தது. முதல்வர் நாற்காலிகளைத் தேடினார். ஒரு கணம் தப்பான கட்டடத்துக்குள் வந்துவிட்டதாகவே நினைத்தார். இணை இயக்குநர் பக்கத்தில் நிற்கும்போது யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

தொடக்க வாழ்த்துப் பாடினார்கள். முடிந்ததும் எல்லாரும் உட்கார்வது வழக்கம். யாரும் அசையவில்லை. வாழ்த்து இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று எண்ணி அம்மாவும் கையைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து விறைப்பாக நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து முதல்வரும் விறைத்தார்.

அந்த நேரத்தில் சோலையப்பன் அடிக்க ஆரம்பித்தான். தனியாக, நிதானமாக. கூட்டம் மேடையைப் பார்த்தது. மாசானம் கிளம்பினான். பிறகு பெர்னதெத், கூட்டத்தில் ராஜகனியைத் தேடினாள். முதல் வரிசையில் இணை இயக்குநர் நின்ற இடத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம் ராஜகனி கிடைத்தாள். அவளைப் பார்த்துப் புன்னகைத்து, தரையைப் பார்க்காமல், கடலுக்கே கேட்கிற மாதிரிப் பாடினாள். காஜா படிக்கட்டில் செருப்போடு காத்திருந்தான். எல்லாரும் கடைசி வரிக்கு வந்தபோது பாய்ந்து ஏறி, பாட்டு முழுவதையும், பித்தளைப் பாத்திர மூட்டை மாடிப்படியில் உருண்டுவருகிற மாதிரி ஒரே மூச்சில் வாசித்தான்.

டம்!

நாலு பேரும் ஒரே அடியில் முடித்தார்கள்.

சோலையப்பன் கண்ணைத் திறந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் முடித்தபோது எல்லாரும் இருந்தார்கள். கால் கடுத்துப்போயிருந்த கூட்டம் விட்டால் போதும் என்று கைதட்டியது. அவனுக்கு அது மழை பெய்கிற மாதிரி இருந்தது.

இணை இயக்குநர் அம்மா மைக்கைப் பிடித்தார். “நான் எத்தனையோ கல்லூரி பாத்திருக்கேன். பாட்டு முடிஞ்ச பிறகு எழுந்து நின்னு கைதட்டுவாங்க. ஆரம்பத்துல இருந்தே ஒரு கூட்டம் நின்னுக்கிட்டே கேட்டதை இங்கதான் பாக்குறேன். முதல்வர் சார், இந்தப் பிள்ளைங்களுக்குப் பயிற்சி பண்ண ஒரு ரூம் நிரந்தரமாக் கொடுங்க.”

“கொடுத்தாச்சும்மா” என்றார் முதல்வர். வேறென்ன சொல்வார்?

அம்மாவின் கார் வாசலைத் தாண்டிய மறுகணமே அவர் மேடைக்கு ஓடிவந்தார். “நாற்காலியெல்லாம் எங்கலே?”

“எங்க ரூமுல பத்திரமா இருக்கு சார்” என்றான் சோலையப்பன். “எல்லாத்துக்கும் ஒரே கோளாறு.”

முதல்வர் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். தோளால் இடித்தார். உள்ளே சரிந்த மலை கதவோடு ஒட்டிக் கிடந்தது. மயிரிழைகூட நகரவில்லை. கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“நாளைக்குக் காலையில ஆசாரியைக் கூட்டிவந்து கதவையே கழட்டுறேன்” என்று சொல்லிவிட்டு, உட்கார இடம் தேடி எதிரே தன் அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டார்.

நால்வரும் வராந்தாவில் நின்றார்கள்.

“ஜெயிச்சிட்டோம்லே” என்றான் மாசானம். “ரூம் நமக்குத்தான்.”

“உள்ள போக முடியாதே?” என்றாள் பெர்னதெத்.

“நம்மளாலயே போக முடியலைன்னா வேற யாரு போவா? இதைவிடப் பத்திரம் உண்டா?” என்றான் காஜா.

சோலையப்பனுக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. கைக்கு வந்த அறை. நாளைக்கு ஆசாரி வந்து கதவைக் கழற்றினால் திறந்த வீடாகிவிடும். எவனாவது உடைந்த பெஞ்சைக் கொண்டுவந்து போட்டுவிட்டால்? கடைத்தெருவுக்கு ஓடினான். இருந்ததிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிவந்து, கதவில் மாட்டி, பூட்டி, இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. டிரம்ஸை மேடையிலிருந்து கொண்டுவந்து வாசலில் இறக்கினான். இனி அறைக்குக் காவலாக, முதல்வர் அறைக்கு நேர் எதிரே, நாள் முழுக்க இங்கேதான் பயிற்சி.

“சாவியை என்ன செய்யப்போறே?” என்று கேட்டான் மாசானம். “உன் கையில இருந்தா தொலைச்சிருவே.”

சோலையப்பன் சிரித்தான். நாலு பேரில் தான் ஒருவன்தான் விவரமானவன் என்பதில் அவனுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது. மாசானத்தின் தோளில் ஏறி, கதவுக்கு மேலிருந்த காற்றோட்டச் சந்து வழியாக, ஒருத்தன் கையும் எட்டாத அந்தப் பத்திரமான அறைக்குள் சாவியைப் போட்டுவிட்டு இறங்கினான்.